சாக்கு விரித்த இடம்

“நாளைக்கு ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி அனுப்பும்மா. மேலிடத்துலேருந்து அதிகாரியம்மா பள்ளிக்கூடத்தப் பாக்க வாராவ. முதல் பெஞ்சுல உக்காரணும்னு புள்ளகிட்ட சொல்லி வையி,” என்றார் தலைமையாசிரியர் தாணுலிங்கம். இசக்கிசெல்வி வீட்டு வாசலை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

“அனுப்புதேன் சார்,” என்று சிரித்தாள்.

அவர் தலை மறைந்ததும் உப்பு லாரி ஓட்டும் அவள் புருஷன் செந்தில்முருகன் பொங்கினான். “ஏளா, நம்ம புள்ளைய அடுப்படியில தள்ளுன ஆளு. அவருகிட்ட என்ன சிரிப்பு?”

முதல் பெஞ்சைப் பற்றி இசக்கிசெல்வி மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகள் முத்துமணிக்கு எட்டு வயது. எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும், பிடிபட்டது மாறாது. எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து பள்ளியில் சேர்த்துக்கொண்டவர்கள், உட்காரவைத்தது சத்துணவுக் கூடத்தில். தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போன அன்று இசக்கிசெல்வி கண்ணால் கண்டாள். சாக்கில் உட்கார்ந்து பிள்ளை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, “மத்த புள்ளையளோட படிப்பு கெடும்மா. பிடிக்கலன்னா வீட்டுல வச்சுக்கோ,” என்றார் இதே தாணுலிங்கம். பள்ளிக்கூடமே இல்லாமல் போய்விடுமே என்று அன்று வாயை மூடிக்கொண்டு வந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

தாணுலிங்கம் வீட்டுக்கு வந்து போன மறுநாள், முத்துமணியை உட்காரவைத்த முதல் பெஞ்சில் புதுப் புத்தகமும் வண்ணப் பென்சிலும் காத்திருந்தன. அதிகாரியம்மா முத்துமணியின் கன்னத்தைத் தொட்டு, “நீ தினமும் எங்கம்மா உக்காருவ, காட்டு?” என்றார்.

பிள்ளைக்கு ஒரே குஷி. அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்பைத் தாண்டிச் சத்துணவுக் கூடத்துக்குள் போனாள். மூலையில் கிடந்த சாக்கை உதறி விரித்து, அரிசி முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?”

“பெரிய சார்,” என்று பெருமையாகக் கை காட்டினாள்.

பிள்ளையைக் கொண்டுவிட வந்து, கூடத்து வாசலில் நின்றிருந்த இசக்கிசெல்வியிடம் தாணுலிங்கம் ஓடி வந்தார். “நீ கூப்பிட்டா எந்திரிச்சு வந்திருவா. கூப்பிடும்மா.”

உண்மைதான், ஒரு குரல் போதும். அந்த முகம் தவிப்பதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். இதற்காகத்தான் நேற்றுச் சிரித்தாள்.

“ரெண்டு வருசமா நீங்க பழக்குனது சார். நீங்களே போய்க் கையப் பிடிச்சு முதல் பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கும் நீங்கதான் கூட்டிட்டுப் போணும். தெனமும் நான் இங்கன வந்து நிப்பேன்.”

வேறு வழியில்லை. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, தாணுலிங்கம் சாக்குக்கு முன்னால் குனிந்து கையை நீட்டினார்.

முத்துமணி அந்தக் கையில் ஒரு பிடி அரிசியை வைத்தாள். பிறகு நகர்ந்து, சாக்கில் அவருக்கும் இடம் விட்டாள்.