நாய்க்குப் போன ஈரல்

கணவர் உதுமானின் மய்யித்துக்குத் தலைமாட்டில் சுல்தானா உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மருமகள் ரமீஸா. வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் கொழுந்தன் அப்துல் சமதும் பள்ளிவாசல் ஆட்கள் நாலு பேரும். மகன் ஃபயாஸ் எங்கும் உட்காரவில்லை. குழி வெட்டப் போனவர்களுக்குப் போன் போட்டபடி தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். எதிரே, பூட்டிய தங்கள் கறிக்கடைப் படியின் கீழே செவலை நாய் படுத்திருந்தது.

சுல்தானா கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியே அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் உரித்த கிடாயைக் கொக்கியில் மாட்டும்போது அது வழுக்கி உதுமானின் வயிற்றில் மோதியது. பெரிய அடி இல்லை. ஆனால் கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டது. தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று சமது வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தது வேறு. ஈரலில் தேங்காய் அளவு நீர்க்கட்டி. ஆட்டு ஈரலில் உள்ள கட்டியை நாய் தின்றால் அதன் குடலில் புழு வைக்கும். புழுவின் முட்டை நாயின் மலத்திலும் முடியிலும் இருக்கும். நாயைத் தடவிய கை வாய்க்குப் போனால் மனிதனுக்குக் கட்டி. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும், உடைந்தால் உயிருக்கு ஆபத்து, வீட்டிலும் எல்லாரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆபரேஷன் பக்ரீத் கழிந்து ஆகட்டும் என்று உதுமான் தள்ளிப்போட்டார். சுல்தானாவையும் தம்பியையும் மகனையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

கட்டி கண்ட ஈரலை அவர் ஒருநாளும் விற்றதில்லை. அதனாலேயே போடியில் அந்தக் கடைக்கு ஒரு பேர். வீசி எறியவும் மனம் வராது. வாயில்லாச் சீவன் தின்னட்டும் என்று செவலைக்குப் போடுவார். சனிக்கிழமைதோறும் ஒரு பை ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் கற்பகத்தின் நாய்க்கும் போகும். கற்பகம் முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். போன ரம்ஜானுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எம்மக முத்துப்பிரியா எங்கூடப் படுக்கவே மாட்டேங்கிறாக்கா. நாயைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குறா. அதுவும் வீட்டு மருமகன் கணக்கா முறுக்கிக்கிட்டுத் திரியுது."

டாக்டர் சொன்னபிறகு பையைத் திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், வேகவைத்து அனுப்புவோம் என்றார் உதுமான். வாராவாரம் அப்படியே வேகவைத்தார். போன சனிக்கிழமை சுல்தானா பையை முடிச்சுப் போடும்போது அது வேகாத ஈரலாய்ச் சில்லென்றிருந்தது. முடிச்சை இறுக்கிக் கொடுத்தனுப்பினாள்.

மய்யித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்குமுன் சமதை அழைத்து, கற்பகத்துக்குச் சொல்ல வேண்டும், பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாள். சமது குரலைத் தாழ்த்தினார்.

"என்னன்னு சொல்லுவீக மதினி? எங்க கடை ஈரல்ல புழுன்னா? அப்புறம் ஃபயாஸு கடையத் தொறந்து ஈ ஓட்டவா? அண்ணே மாரடைப்புல போனாரு. அம்புட்டுத்தான்."

ஃபயாஸ் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

சாயங்காலம் அடக்கம் முடிந்தது. சுல்தானா இத்தா இருக்க உள்ளறைக்குப் போனாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. கற்பகம் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் போனுக்கு டவரும் கிடைக்காது. அவள் விரல்கள் வலது விலாவுக்குக் கீழே போய்ப் போய் அழுத்திப் பார்த்தன. வலிக்கவில்லை. அவருக்கும் பத்து வருஷம் வலிக்கவில்லையே என்று நினைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் ஜீப்பு டிரைவர் பால்ராஜ் துக்கம் கேட்க வந்தார். கிளம்ப எழுந்தவர், தயங்கிக்கொண்டு ஃபயாஸிடம் கேட்டது கதவுக்குப் பின்னால் இருந்தவள் காதில் விழுந்தது.

"கேக்கக் கூடாதுதான் மாப்ளே. பையி எதும் இருக்கா? ஜீப்புச் சத்தம் கேட்டாலே நாயி ரோட்டுக்கு வந்துருது. அந்தப் பிள்ளையும் பின்னாலயே ஓடியாருது."

பால்ராஜ் அண்ணனைக் கொஞ்சம் நிற்கச் சொல் என்று ரமீஸாவிடம் சொல்லிவிட்டுச் சுல்தானா காகிதத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் படித்தபடி வலது மேல்மூலையில் ஊரும் தேதியும் போட்டாள்.

"அன்புள்ள கற்பகத்துக்கு, சுல்தானா அக்கா எழுதுவது. அவர் நேற்று மௌத்தாகிவிட்டார். மாரடைப்பு இல்லை, ஈரலில் இருந்த நீர்க்கட்டி உடைந்துவிட்டது. நாங்கள் கொடுத்தனுப்பிய ஆட்டு ஈரலிலும் அந்தக் கட்டி இருந்தது. அதைத் தின்ற நாயிடமிருந்து அந்த நோய் மனிதருக்கு வரும். போன வாரம் பச்சையாக வந்தது, தெரிந்தும் கட்டிக் கொடுத்தேன். நாயைப் பிள்ளையிடம் விடாதே. நாய்க்குப் பூச்சி மருந்து கால்நடை டாக்டரிடம் கேள். முத்துப்பிரியாவைப் பெரியாஸ்பத்திரியில் காட்டி, இந்தக் கடிதத்தையும் காட்டு."

ஃபயாஸ் வாங்கிப் படித்தான்.

"'தெரிந்தும்'கிறத மட்டும் அடிச்சிருங்கம்மா."

அவள் கையை நீட்டினாள். அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

மடித்து உறைக்குள் வைத்தாள். ஒட்டுவதற்காக உறையின் ஓரத்தை நாக்குக்குக் கொண்டுபோனவள், 'வாய்க்குப் போனால்' என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வர, பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஃபயாஸ் அதைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன் வைத்தான். அவள் விரலை நனைத்து ஓரத்தில் தடவி ஒட்டினாள். அவன் உறையை வாங்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான்.