பி பக்கம் மூன்றாவது பாட்டு

"விளிம்புல புடிண்ணே. நடுவுல கை படக் கூடாது."

கமலநாதன் அந்தக் கறுப்பு இசைத்தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் நிறுத்தினார். நாற்பது வருடம் லோரி எஞ்சினுக்குள் விட்டு எடுத்த கைகள். தட்டைச் சுழலும் மேடையில் வைத்து ஊசியைத் தூக்கி அழுத்தமாக இறக்கினார். ஊசி வழுக்கி, கர்ரென்று வீடே அதிர ஒரு சத்தம் வந்தது.

கட்டிலில் சாய்ந்திருந்த லோகனுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அண்ணனின் கை போன போக்கைப் பார்த்துவிட்டான்.

"மெதுவா லா. போல்ட்டா முடுக்குற?"

புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து மூன்றாவது மாதத்திலேயே அவனுடைய காதைப் பறித்துக்கொண்டுவிட்டது. இடது காது முழுவதும் போயிற்று. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் வார்த்தை விளங்கும். மற்ற நேரமெல்லாம் உள்ளே ஒரே விசில் என்பான். இப்போது மருந்தும் நிறுத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை வந்த தாதி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "இனி நாள் கணக்குதான்" என்று லோகனின் மனைவி குமுதாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதே வெள்ளிக்கிழமைதான் பார்சலும் வந்தது. உள்ளே ஐந்து தட்டுகள். படமில்லை, பெயரில்லை, நடுவில் வெள்ளைக் காகிதம் மட்டும். முன்னூறு தட்டுகளை அச்சடிப்பதற்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்த ஒரு தொழிற்சாலை அனுப்பியிருந்த மாதிரிகள். கேட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மற்றதை அடிப்பார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். கோளாறு என்றால் புது அச்சு செய்து அனுப்ப ஆறு வாரம் ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள்.

லோகன் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் பட்டறை ரெக்கார்ட்ஸ். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் கமலநாதனின் லோரிப் பட்டறையில் அவன் வெல்டராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டு ஸ்டோர் அறையில் டயர்களை அடுக்கி நடுவில் மைக் வைத்துப் பாட்டுப் பதிவு செய்வான். கிழிந்த ஜீன்ஸும் ஊசி குத்திய காதுமாகப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். தமிழ், மலாய், சீனம் என்று எல்லாப் பிள்ளைகளும். அந்த இசையைப் பங்க் என்பார்கள். இருபத்து மூன்று வருடத்தில் முப்பது வெளியீடுகள். ஸ்டோர் சாவியைக் கொடுத்ததோடு கமலநாதன் சரி. ஒரு நாள்கூட உள்ளே போய்க் கேட்டதில்லை. தகரக் கூரையில் கல் விழுவது மாதிரி இருக்கும். வேலியோரம் போய் நின்றுகொள்வார்.

அதனால்தான் காலையில் லோகன் கூப்பிட்டனுப்பியபோது அவருக்குப் புரியவில்லை. "ஒன் கூட்டாளிங்க எத்தன பேரு இருக்காங்க? அவங்கள கேக்கச் சொல்லு" என்று காதில் கத்தினார்.

"அவனுங்களுக்கு இந்தப் பாட்டு புடிக்கும்ணே. புடிச்சவனுக்குக் கொறை காதுல விழாது. நீ வண்டி கேட்டுக்குள்ள நொழையுறப்பவே எந்த பேரிங் போச்சுன்னு சொல்ற ஆளு. எனக்கு அந்தக் காதுதான் வேணும்."

ஊசி இறங்கியது.

முதல் தடவை கமலநாதனுக்குக் கேட்டது இரைச்சல் மட்டும்தான். ஏழு பாட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். லோகன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "திரும்பப் போடு" என்றான்.

இரண்டாவது தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோளாறான எஞ்சினுக்குப் பக்கத்தில் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கேட்கக் கூடாது, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். முதலில் டிரம். அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடியில் தடித்த கம்பியின் உறுமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, கத்திக் கத்திக் கம்மிப்போன ஒரு பெண் குரல். டெங்கில் ஊரைச் சேர்ந்த ஷாமினி என்ற பெண்ணாம். கூட இரண்டு பையன்கள். குழுவின் பெயர் 'அடுத்த பஸ்'. இதுவரை அந்தக் குரல் தமிழில் பாடுகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆறு மணி பஸ்ஸு ஏழுக்கும் வரல
அம்மா நின்ன எடத்துல நான் நிக்கிறேன்
அவ செருப்புத் தேஞ்ச பள்ளத்துல
என் காலு சரியா உக்காருது

கமலநாதன் கண்ணைத் திறந்தார். இத்தனை வருடமாக அந்த ஸ்டோருக்குள் இதையா சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

தட்டைத் திருப்பிப் போட்டார். பி பக்கம். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லாக் கருவியும் திடீரென்று நின்றுபோகும் ஓர் இடம் இருந்தது. அந்தப் பெண் மட்டும், கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடினாள்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து, மறுபடி டிக். பிறகும் டிக். ஒரே அளவு இடைவெளி. டிரம் திரும்பி வந்ததும் சத்தம் அதற்குள் மறைந்துவிட்டது.

தூசியாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்த தட்டை எடுத்து அதே இடத்தில் ஊசியை வைத்தார். டிக். மூன்றாவது தட்டு. நான்காவது. ஐந்தாவது. எல்லாவற்றிலும் அங்கேயேதான் இருந்தது.

தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குமுதா கிண்டாமல் நின்றிருந்தாள்.

"என்னா மாமா? கோளாறா?"

"ஒரு சின்ன சத்தம். எல்லாத்துலயும் இருக்கு."

"கோளாறுன்னு சொன்னா?"

"திருப்பி அனுப்பணும்னு நெனைக்கிறேன். புதுசா அச்சு செஞ்சு வர ஆறு வாரம் ஆகுமாம்."

குமுதா அடுப்பைத் தணித்தாள். அவள் பேசியது அவருக்கே பாதிதான் கேட்டது.

"நல்லாருக்குன்னு சொல்லிருங்க மாமா. சின்னதுன்னுதான சொல்றீங்க? யாருக்குக் கேக்கப் போவுது? ஒரு மாசமா இதுக்குத்தான் வலியத் தாஹான் பண்ணிக்கிட்டுக் கெடக்குறாரு. ஓக்கேன்னா இன்னைக்கே மெயில் போட்டுட்டு நிம்மதியா இருப்பாருல்ல?"

அவர் தலையாட்டினார். கூடத்துக்கு வந்து தம்பியின் வலது காதருகே குனிந்தார்.

"நல்லாருக்குடா!"

லோகன் அவருடைய வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தான்.

"பி பக்கம் மூணாவது பாட்டு. நடுவுல எல்லாம் நின்னு போவும். அந்தப் புள்ள மட்டும் பாடும். அங்க?"

குமுதா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றதை கமலநாதன் முதுகுக்குப் பின்னால் உணர்ந்தார். எத்தனையோ லோரிக்காரர்கள் அவசரத்தில், "ஓடும்னு சொல்லுங்க அண்ணே, ஜொகூர் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்" என்று கெஞ்சியதுண்டு. ஓடாத வண்டியை ஓடும் என்று அவர் சொன்னதே இல்லை. ஆனால் இது அவருடைய தம்பி. நாள் கணக்கில் இருப்பவன்.

அவர் லோகனின் கையை எடுத்து, எலும்பாகிவிட்ட அந்த உள்ளங்கையில், ஒரு விரலால் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். காத்திருந்து, மறுபடியும்.

லோகனின் உதடுகள் எண்ணின. முகத்தில் எங்கிருந்தோ வெளிச்சம் வந்தது.

"தட்டு ஒரு சுத்து சுத்துனா ஒன்னு! அஞ்சுலயுமா?"

"அஞ்சுலயும்."

"அப்ப தூசி இல்ல. அச்சுலயே கோளாறு." முதுகை நிமிர்த்தி உட்காரப் பார்த்தான். குமுதா ஓடி வந்து தலையணையை முட்டுக்கொடுத்தாள். "முன்னூறுலயும் வந்துருக்கும்ணே. அந்தப் புள்ள பாடுற ஒரே அமைதியான எடம் அது. நல்ல வேள, நீ கேட்ட."

"ஆறு வாரம் ஆகும்டா" என்று கமலநாதன் காதில் கத்தினார்.

"ஆவட்டும். குமுதா, ஃபோன எடு. நான் சொல்றத டைப் பண்ணு."

அவள் அசையவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தான். கடைசியில் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். எந்தப் பக்கம், எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். எதையும் பார்த்துச் சொல்லவில்லை. காது போவதற்கு முன்பு கேட்டது அவ்வளவும் தலைக்குள் அப்படியே இருந்தது.

"கடைசில, 'நல்லா வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கோம்'னு போடு."

குமுதாவின் விரல் நின்றது. கமலநாதன் சுவரைப் பார்த்தார். பிறகு அவள் அதையும் தட்டி அனுப்பினாள்.

"சரிண்ணே, பாட்டு எப்படி இருக்கு?" என்றான் லோகன். "கோளாறு இல்ல. பாட்டு. ரெக்கார்டு பண்ண அன்னைக்குக் கேட்டதுதான். தட்டுல எப்படி வந்துருக்குன்னு தெரியாது. மொதல்லருந்து சொல்லு."

கமலநாதன் கட்டிலோரம் உட்கார்ந்து, காதருகே வாயை வைத்தார். இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"மொத பாட்டு... வண்டி ஸ்டார்ட் ஆகலடா. அடிச்சிக்கிட்டே இருக்காங்க. திடீர்னு புடிச்சிக்கிச்சு. புடிச்சதும் பிரேக்கு இல்லாம ஓடுது."

லோகன் சிரித்தான். "ரெண்டாவது?"

"ரெண்டாவது லோடு வண்டி. ஏத்தத்துல, மொத கியர்ல. எங்க பின்னாடி உருண்டுருமோன்னு பயமா இருக்கு. உருளல. அந்தத் தடிக் கம்பி அடிக்கிறவன் வுடவே இல்ல."

தெருவுக்கே கேட்கும்படி அவர் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. குமுதா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் பாட்டு வந்தபோது கமலநாதன் உவமை தேடவில்லை. நான்கு வரிகளையும் சொன்னார். இரண்டு தடவைதான் கேட்டிருந்தார். ஒரு சொல்லும் தப்பவில்லை.

ஏழாவது பாட்டு முடியும்போது பகல் ஒரு மணி. "நல்ல தட்டு" என்றான் லோகன், கண்ணை மூடியபடி. தூங்கிவிட்டான்.

மூன்று மணிக்கு மேல் அவனுடைய மூச்சில் இடைவெளி விழுவதை முதலில் கேட்டது கமலநாதன்தான். குமுதா பக்கத்திலேயே இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை. "இங்க வந்து கையப் புடிச்சிக்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஐந்து மணி வாக்கில் ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக இரண்டு பேரும் நெடுநேரம் காத்திருந்தார்கள்.

மறுநாள் கிள்ளானின் அந்த ஒடுக்கமான வரிசை வீட்டுத் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. செமினியிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பங்க் பிள்ளைகள் வந்தார்கள். இந்தோனேசியாவிலிருந்து இரவு விமானம் பிடித்து நான்கு பேர். எல்லாரும் கறுப்புச் சட்டை. உறவுக்காரர்கள் முதலில் மிரண்டு பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கூடாரத்துக்குக் கம்பி பிடித்தார்கள், நாற்காலி இறக்கினார்கள், தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து லோகனின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு இரைச்சல் போடுகிறவர்களுக்கு இவ்வளவு நேரம் சும்மா இருக்கத் தெரியும் என்று கமலநாதன் நினைத்ததில்லை.

ஒல்லியான ஒரு பெண் அவரிடம் வந்தாள். பாதித் தலை மழித்திருந்தது. அவள் வாயைத் திறந்ததுமே குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"அங்கிள், நான் ஷாமினி. எங்க தட்டு வந்துச்சா? லோகன் அண்ணே ஓக்கே சொன்னாரா?"

"இல்லம்மா. திருப்பி அனுப்பிட்டான். பி பக்கம் மூணாவது பாட்டுல ஒரு சத்தம்."

அவள் முகம் கோணி, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது.

"எங்க மொத கேசட்டுக்கும் இப்படித்தான் அங்கிள். ஒரு பக்கம் சத்தம் கம்மியா இருக்குன்னு எர்நூறு கேசட்டையும் அழிச்சு, ஒக்காந்து ஒவ்வொன்னா திரும்ப ஏத்துனாரு. வெல்டிங் வேலைக்குப் போய்ட்டு வந்து, மூணு வாரம். யாருண்ணே கேக்கப் போறாங்கன்னு திட்டுனேன். ஒருத்தன் கேப்பான்னாரு."

உறுமி மேளம் தொடங்கியது. அவள் நகர்ந்துகொண்டாள். கமலநாதன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருடமாகத் தினம் பார்த்த முகம். இப்போதுதான் பார்க்க வந்தவர் போல, பெட்டியை மூடப் போகிறோம் என்று இரண்டு தடவை சொல்லும் வரை அங்கேயே நின்றார்.

தகனம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழையுமுன் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரோ அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். பூட்ஸுகளைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, கறுப்பு ஜீன்ஸை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசையாக நின்றார்கள். கமலநாதன் கார் கழுவும் குழாயை எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் காலில் ஊற்றினார், நீட்டிய கைகளில் ஊற்றினார். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒருவனுக்குத் தலைமயிர் சேவற்கொண்டை போலப் பச்சையாக நிமிர்ந்து நின்றது. அவன் தயங்கி, பிறகு தலையையும் குனிந்து கொடுத்தான்.

கமலநாதன் குழாயின் வாயை உள்ளங்கைக்குள் வைத்து, தண்ணீர் வேகமாக விழாதபடி பிடித்துக்கொண்டார். பச்சை மயிர் ஒவ்வொரு கற்றையாக நனைந்து அவன் நெற்றியில் படிந்தது. அவன் நிமிரவில்லை. அவரும் குழாயை எடுக்கவில்லை.