ஆளுக்கொரு ட்யூப்

காதுகுத்துக்கு வெங்கடேஸ்வரி வரக்கூடாது என்று புதன்கிழமை காலையிலேயே அவள் மாமியார் வெள்ளத்தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நாத்தனார் காளீஸ்வரியின் எட்டு மாதக் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் காது குத்துகிறார்கள்.

"சபையில வந்து சொறிஞ்சிக்கிட்டு நிப்பியாக்கும்? மில்லுல எவகிட்டயோ ஒட்ட வச்சிக்கிட்டு வந்துட்டு, எங்களையுமில்ல தலகுனிய வைக்க."

வெங்கடேஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். மூன்று வாரமாக விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பைச் சுற்றியும் பிடுங்கி எடுக்கிற அரிப்பு. மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினாள். நாலு நாள் அடங்கிய மாதிரி இருந்து மறுபடி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ராணுவத்தில் இருக்கிற அவள் புருஷன் முத்துப்பாண்டி ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நீண்ட லீவில் வந்தபோதே சொறிந்துகொண்டுதான் வந்தான்; இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். "கேம்ப்ல நாலஞ்சு பேருக்கு இருக்கு. தானா போயிரும். அம்மாட்ட சொல்லிராத" என்று கெஞ்சினான். அவளும் போனால் போகிறதென்று வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது யோசித்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவள் வாசல்படி தாண்டக்கூடாது. ஆனால் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தப்போகிற தாய்மாமன் முத்துப்பாண்டிதான்!

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டரம்மா அவள் கையை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது சிரங்கும்மா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்கு அடியில முட்டை போடுது. வீட்ல எத்தனை பேர்?"

"நாலு பேரு. ஆனா மருந்து நான் மட்டுந்தான் போட்டேன்."

"அதான் திரும்ப வந்திருக்கு. அரிச்சாலும் அரிக்காட்டியும் எல்லாரும் ஒரே நாள்ல போடணும். கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, நகத்துக்கு அடி எதையும் விடக்கூடாது. சாயந்தரம் தடவிட்டு காலையில குளிங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. துணி, போர்வையெல்லாம் வெந்நீர்ல ஊற வச்சுத் துவைச்சு வெயில்ல போடுங்க. பூச்சி செத்தாலும் அரிப்பு ரெண்டு மூணு வாரம் இருக்கும், பயப்படாதீங்க."

"அழுக்கா இருக்கவங்களுக்குத்தான் வரும்னு சொல்றாவளே?"

"யாருக்கு வேணாலும் வரும். கூடப் படுத்தா, தொட்டுப் பழகினா ஒட்டும். இதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல."

கடைசி வார்த்தையை வெங்கடேஸ்வரி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு ட்யூபைக் கூடத்தில் வரிசையாக வைத்தாள். "ஆளுக்கொண்ணு. இன்னைக்கே எல்லாரும் தடவணும்."

மாமனார் கண்ணுச்சாமி மெதுவாக ஒன்றை எடுத்தார். "எனக்கும் பத்து நாளா அக்குள்ல அரிக்கத்தான் செய்யுது. சொன்னா இவ எனக்கும் தனித் தட்டு வச்சிருவாளேன்னு பேசாம இருந்தேன்."

வெள்ளத்தாய் வெடித்தாள். "ஒனக்கு வந்த சீக்குக்கு நான் எதுக்குட்டி மருந்து போடணும்? எனக்கு ஒரு இதுவும் கெடையாது."

"இது எனக்கு வந்த சீக்கு இல்ல அத்த. நம்ம வீட்டுக்கு வந்தது. நீங்க போடாட்டி நானும் போட மாட்டேன். நான் மட்டும் போட்டுப் பாத்தாச்சு."

"போடாட்டி கெட."

வெங்கடேஸ்வரி போனை எடுத்தாள். யாருக்கு என்று முத்துப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. "ஏய், காளிக்குச் சொல்லாத" என்று குறுக்கே வந்தான்.

"ஒங்களுக்காக இம்புட்டு நாளும் நான் சொறிகாரியா இருந்தேன். போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் காளீஸ்வரியின் குரல் உடைந்தது. "மதினி, ஒரு வாரமா பிள்ள தூங்கவே இல்ல. உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் பொரிப்பொரியா இருக்கு. வேர்க்குருன்னு பவுடரப் போட்டுக்கிட்டு இருக்கேன். அண்ணன் வந்த புதுசுல அங்க வந்து தங்கினமே, பிள்ள அண்ணன் நெஞ்சுலதான படுத்துக் கெடந்தா! ஏண்ணே, ஒனக்கு அப்பமே இருந்துச்சா?"

முத்துப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "இருந்துச்சு. நான்தான் கொண்டாந்தேன்."

வெள்ளத்தாய் மகனைப் பார்த்த பார்வையை வெங்கடேஸ்வரி அதற்கு முன் கண்டதில்லை.

"பிள்ளய நாளைக்கே டாக்டரம்மாட்ட தூக்கிட்டுப் போ காளி. இந்த மருந்த நீயா தடவாத, சின்னப் பிள்ளைக்கு அவிய பாத்துத்தான் சொல்லணும். ஒங்க வீட்லயும் எல்லாரும் போடணும்" என்றாள் வெங்கடேஸ்வரி.

காதுகுத்தைப் பத்து நாள் தள்ளிப்போட்டுவிடலாம் என்று காளீஸ்வரியே சொன்னாள். போன் வைத்த பிறகு வெள்ளத்தாய் ஒரு ட்யூபை வெடுக்கென்று எடுத்தாள். "எம் பேத்திக்காகத்தான். ஒனக்காக இல்ல."

"யாருக்காகவோ, இடுக்கு விடாமத் தடவுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

மறுநாள் பெரிய குண்டானில் வெந்நீர் காய்ந்தது. துவைத்ததெல்லாம் முத்துப்பாண்டிதான். போர்வை, பாய்விரிப்பு, தலையணை உறை என்று மொட்டைமாடி நிறைந்தது. அடுத்த வியாழக்கிழமை இரண்டாம் தடவையும் தடவினார்கள். நடுவில் ஒருநாள் வெள்ளத்தாய், "இன்னும் அரிக்குதே, இதான் ஒன் மருந்தோட லட்சணமா?" என்றாள். "அரிப்பு அடங்க நாளாகும்னு டாக்டர் சொல்லிட்டாவ" என்று இவள் அசராமல் பதில் சொன்னாள்.

காதுகுத்து அன்று வெங்கடேஸ்வரி பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் நின்றாள். குழந்தை தாய்மாமன் மடியில் வீறிட்டு அழுது ஓய்ந்தது. பந்தியில் தளவாய்புரத்துச் சித்தி ஒருத்தி, "ஏன் வெள்ளத்தாயி, விசேஷத்தத் தள்ளிப் போட்டீக?" என்று கேட்டாள்.

"நாள் சரியில்ல, அதான்..." என்று வெள்ளத்தாய் இழுத்தாள்.

"நாளெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எங்க வீட்ல அம்புட்டுப் பேருக்கும் சிரங்கு" என்றாள் வெங்கடேஸ்வரி, பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி. "எல்லாரும் ஒரே நாள்ல மருந்து போட்டோம். இப்ப எங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது."

வெள்ளத்தாய் முகம் சிவந்து எழுந்து போய்விட்டாள். வெங்கடேஸ்வரி இலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

கை கழுவுகிற இடத்தில் சித்தி பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள். "அந்த மருந்து பேரு என்ன ஆத்தா? மெதுவாச் சொல்லு."

"எதுக்கு மெதுவாச் சொல்லணும்?" என்றாள் வெங்கடேஸ்வரி. "வீட்ல உள்ள அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. நானும் கூட வாரேன்."