சிவப்பிரகாசம் சொன்ன பாலம்

1997 ஐப்பசியில் ஈச்சமேட்டுக் காலனிக்காரர்கள், இல்லாத பாலத்தின்மேல் நடந்து ஆரணிக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். ஆற்றில் தூண் இல்லை, கைப்பிடி இல்லை, ஒரு கூடை ஜல்லிகூட அங்கே யாரும் கொட்டியதில்லை. தண்ணீருக்கு மேலே ஓராள் உயரத்தில் ஆட்கள் வரிசையாக நடந்து இக்கரையில் இறங்கி, செருப்பைத் தட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்தது. ஊரில் முதலில் அதைப் பற்றித்தான் பேச்சு, பாலத்தைப் பற்றிப் பிறகுதான் விசாரித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சட்டமன்ற உறுப்பினர் சிவப்பிரகாசம். பட்டு நெசவுக் குடும்பம்; தேர்தலில் நிற்கும்வரை தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மைதானத்தில் மைக் கட்டி, தொகுதிக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை, அரசாங்கத்தில் என்ன பேச்சு நடக்கிறது என்று சொல்வார். பட்டுச் சேலைக்குத் தள்ளுபடி நீட்டிப்பு, களம்பூருக்குக் கூடுதல் டவுன் பஸ், எந்தத் தெருவில் போர் போட்டும் தண்ணீர் வரவில்லை, ஒன்றையும் ஒளிக்கமாட்டார். அந்த ஐப்பசிக் கூட்டத்தின்போது ஈச்சமேட்டுப் பாலத்தின் கோப்பு சென்னையில் கடைசிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆனால் அவருக்கு நெசவாளி நாக்கு. சேலை கேட்டுக் கடைக்காரர் ஆளனுப்பினால், முந்தியில் இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தாலும் "தறியிலேர்ந்து அறுத்தாச்சுங்க" என்பதுதான் ஆரணி நெசவாளியின் பதில். அதை யாரும் பொய்யென்று எடுத்துக்கொள்வதில்லை. கேட்டவர் நாள் தள்ளி வருவார், சேலை மடித்துத் தயாராக இருக்கும். அந்தப் பழக்கத்தில் "ஈச்சமேட்டுப் பாலம் முடிஞ்சிடுச்சு, தாராளமா நடக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நெசவுத் தெருக்காரர்கள் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். ஈச்சமேட்டில் தறி கிடையாது. கழனி வேலையும் கூலி வேலையும்தான். சொன்னதைச் சொன்னபடியே வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலையில் நடந்தார்கள். முதலில் கால் வைத்தவள் முனியம்மா. நாற்று நடப் போகிறவள், இடுப்பில் சோற்றுக்கூடையோடு பேசிக்கொண்டே ஏறி வந்தாள்.

பாலத்தின் குணம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. சிவப்பிரகாசம் சொல்லக் கேட்டவர்களை மட்டும் அது தாங்கும். கண்ணமங்கலத்திலிருந்து பிளாஸ்டிக் குடம் விற்க வந்தவர் மற்றவர்களைப் பார்த்துத் தானும் கால் வைத்து, குடங்களோடு ஆற்றில் மிதந்தார். கேசட்டில் பதிந்து போட்டுக் காட்டியதில் பலன் இல்லை. உறவுக்காரர்கள் எடுத்துச் சொல்லியும் பலிக்கவில்லை. அவர் சொல்லிக் கேட்டிராத பிள்ளையைத் தோளில் தூக்கி வந்த தகப்பனும் பிள்ளையோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கிவிட்டான். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் மற்றச் செய்திகள் மாறினாலும் இந்த ஒரு செய்தியை அவர் மாற்றாமல் சொல்லவேண்டியதாயிற்று. புதுப் பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கைக்குழந்தைகளை மேடைக்குத் தூக்கிவந்து, பெயர் வைப்பதுபோல அவரைக் காதில் சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்வார். அவர் மட்டும் அதில் ஒருநாளும் நடந்ததில்லை. பாலம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஈச்சமேட்டுக்குப் போவதென்றால் அரை நாள் சுற்றிக்கொண்டு ஜீப்பில்தான் போவார்.

இதில் வந்த பேஜார் வேறு. நிஜப் பாலத்துக்காக நடையாய் நடந்து, இடம் பார்க்க ஒரு இன்ஜினீயரை வரவழைத்தார். வந்த மனிதர் நாகரிகத்துக்காக முதலில் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டார். பிறகு ஆற்றுக்குப் போனார், அக்கரைவரை நடந்தார், திரும்பி வந்து பாலம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொண்டு போய்விட்டார். பணம் வேறு ஊருக்குப் போனது. பாலம் இல்லை என்று பொதுக்கூட்டத்தில் சொல்லுங்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள் சென்னையில். அதற்கும் துணிந்து மைக்கைப் பிடித்தார். எதிரே முனியம்மா உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்து அவள் வீடு திரும்பவேண்டிய வழி அது. பாவி மனுஷன் என்ன செய்வார்? தொண்டையைச் செருமிவிட்டு, பட்டு நூல் விலை பற்றிப் பேசி முடித்துவிட்டார்.

2001இல் தோற்றார். புதிதாக வந்தவரும் கூட்டம் போட்டு நிறையச் செய்திகள் சொன்னார். அவர் சொன்ன எதன்மேலும் யாராலும் நடக்க முடியவில்லை. ஈச்சமேட்டுக்காரர்கள் சிவப்பிரகாசத்தின் வீட்டுக்கே பெண்களையும் குழந்தைகளையும் அழைத்து வந்தார்கள். அவர் மனைவி உண்ணாமலை எல்லோருக்கும் காபி போட்டாள். 2004இல் ஒருநாள் அவர் வாயை மூடிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல நிஜப் பாலம் வராது, கடக்க முடியாத ஜனம் சேர்ந்தால்தான் சர்க்கார் எழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அடுத்த தை மாதம் முனியம்மாவின் மகன் சின்னதுரைக்கு வெம்பாக்கம் பக்கத்திலிருந்து அமலா மருமகளாக வந்தாள். மாமியார் வந்து கேட்டும் சிவப்பிரகாசம் சொல்லவில்லை. அமலா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மணலில் இறங்கிப் போய்வந்தாள். மழைக்காலம் வரும்வரை அதில் சிரமம் இல்லை.

அந்த வருஷக் கார்த்திகையில் ஆறு இரு கரையும் முட்டி வந்தது. சுற்றுவழித் தரைப்பாலம் மூழ்கிவிட்டது. காலை பத்து மணிக்கு அமலாவுக்கு வலி கண்டது, நாள் நிறைவதற்கு முன்பே. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை உதறிவிட்டாள். மகனை மருமகள் பக்கத்தில் விட்டுவிட்டு முனியம்மா பாலத்தின்மேல் ஓடி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் ஓடினார். கரையிலிருந்து கத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தார். வெள்ளத்தின் சத்தத்தில் பக்கத்தில் நின்ற முனியம்மாவுக்கே அவர் குரல் பாதிதான் கேட்டது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். தன் பிடிவாதத்தால் ஒரு பெண் சாகப்போகிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டார். அழுதார்.

"இன்னாங்க நின்னுகினு கீறீங்க? ஜல்தி வாங்க" என்றாள் முனியம்மா.

"எப்படிம்மா வருவேன்? அங்க ஒண்ணும் இல்லியே. எனக்குத் தெரியுமே."

அவள் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "உங்களுக்கு யாரும் வந்து சொல்லல, அதான். நான் சொல்றேன் கேளுங்க. பாலம் முடிஞ்சிடுச்சு. எட்டு வருசமா நடந்துகினு கீறேன். தோ, இப்பகூட அதுமேலதான் வந்தேன்."

அவள் முன்னால் ஏறினாள். அவர் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கால் வைத்தார். கீழே மரங்கள் வேரோடு போய்க்கொண்டிருந்தன. பாலம் தாங்கியது. முனியம்மா சொன்னது அவருக்கு மட்டும் எப்படிப் பலித்தது என்று எல்லப்பன் டீக்கடையில் பிறகு வெகுநாள் பேசினார்கள். தொகுதிக்கு எம்.எல்.ஏ. சொல்லணும், எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி சொல்லணும், இதில் என்ன இருக்கிறது என்று எல்லப்பன் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

கயிற்றுக்கட்டிலில் அமலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சிவப்பிரகாசம் ஈரக் காலோடு தரையில் உட்கார்ந்தார். மைதானத்தில் மைக் பிடித்து நூறு தரம் சொன்ன விஷயம்தான். "பாலம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். "நெசமாங்களா?"

அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. "நெசம்தாம்மா. இப்பத்தான் அதுமேல நடந்து வந்தேன்" என்றார். வயிற்றுப் பிள்ளைக்கும் கேட்கட்டும் என்று குனிந்து, கொஞ்சம் உரக்க, இன்னொரு தரம் சொன்னார்.

கட்டிலை நான்கு பேர் தூக்கிக்கொண்டு பாலத்தின்மேல் நடந்தார்கள். சிவப்பிரகாசம் பின்னால் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மறுவாரம் சிவப்பிரகாசம், எந்தப் பதவியும் இல்லாமல், மைதானத்தில் மைக் கட்டினார். பட்டுத் தள்ளுபடி இந்த வருஷம் தாமதமாகிறது, வெள்ள நிவாரணம் களம்பூர்வரை வந்திருக்கிறது, ஈச்சமேட்டுப் பாலம் வெள்ளத்தைத் தாங்கி நிற்கிறது என்று சொல்லி இறங்கினார். 2009இல் சர்க்கார் கான்கிரீட் பாலமும் கட்டியது. அது நூறடி தள்ளிக் கிழக்கே இருக்கிறது. பைக்கும் நெல் லாரியும் அதில் போகின்றன. நடந்து போகிறவர்களுக்குப் பழையதுதான் கிட்ட.