கவிழ்த்துப் போட்ட வாளி

காட்டுக் குதிரைகளை விரட்டிவரும் ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டதும், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்த நான் துள்ளி எழுந்தேன். பொதுமக்கள் வேடிக்கை பார்க்கவென்று அதிகாரிகள் கயிறு கட்டி ஒதுக்கியிருந்த குன்று அது. பேசக் கூடாது, அசையக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கீழே நெவாடாப் பொட்டலில், சணல் துணி போர்த்திய இரண்டு வேலிகள் அகலமாகத் தொடங்கிக் குறுகிக்கொண்டே போய் ஓர் இரும்புப் பட்டியில் முடிந்தன. வேலிகளின் அகன்ற வாயருகே என் கணவன் வெர்ல், எங்கள் வீட்டுக் குதிரை பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருந்தான்.

பிஸ்கட்டுக்கு ஒரே வேலைதான். காட்டுக் குதிரைகள் நெருங்கியதும் அவிழ்த்துவிட்டால், பட்டிக்குள் இருக்கும் ஓட்ஸுக்காக நேரே உள்ளே ஓடுவான். முன்னால் ஒன்று ஓடினால் மற்றவையும் பின்னால் ஓடும். அப்புறம் கதவைச் சாத்திவிடுவார்கள். தாய்க்கு ஒரு லாரி, குட்டிக்கு ஒரு லாரி. இந்தக் கேடுகெட்ட வேலைக்கு, என் கையால் தின்று வளர்ந்தவனை அனுப்பியிருந்தான் வெர்ல். காலையில் காபிக்கு முன்பே சண்டை.

“மேய்ச்சல் பத்தல நார்மா. பட்டினில சாகட்டும்னு விட்ரவா?”

“மாட்டுக்கு மட்டும் பத்துதாக்கும்?”

“அதுல நம்ம மாடும் இருக்கு. மெதுவாப் பேசு.”

புழுதி எழுந்தது. முன்னால் அந்தப் பெண் குதிரைதான், உடம்பில் வெள்ளைத் திட்டுள்ள என் திட்டுக்காரி! ஒவ்வொரு வசந்தத்திலும் புதுக் குட்டியோடு எங்கள் ஊற்றுக்கு வருகிறவள். விலாவோடு ஒட்டி இந்த வருஷத்துக் குட்டியும் ஓடிவந்தது. வெர்ல் கையை விட்டான். பிஸ்கட் பாய்ந்தான்.

யோசித்தெல்லாம் செய்யவில்லை. வாளியைத் தூக்கினேன், ஒரு கல்லை எடுத்து அடித்தேன். தினமும் தீனி வைக்கும்போது அடிக்கிற அதே அடி. டங், டங், டங்!

“நார்மா, உனக்கென்ன பைத்தியமா?” என்று கத்திய பக்கத்துப் பண்ணை ஜாய்ஸே அடுத்த நொடி, “அடி! இன்னும் ஓங்கி அடி!” என்றாள்.

பிஸ்கட்டின் காது திரும்பியது. அப்புறம் கழுத்து, அப்புறம் ஆளே திரும்பிவிட்டான். வேலி வாயை விட்டுக் குன்றை நோக்கி வந்தவன் பின்னால் மொத்தக் கூட்டமும் தடதடவென்று ஏறியது. கயிறு அறுந்தது, அதிகாரிகள் சிதறினார்கள். திட்டுக்காரியின் வியர்வை என் முகத்தில் தெறித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கூட்டம் மறுபக்கச் சரிவில் இறங்கியது. பிஸ்கட் மட்டும் நின்று வாளிக்குள் மூக்கை விட்டான். காலி வாளி.

“அவனப் புடி!” கீழிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தான் வெர்ல். “ஹெலிகாப்டர் திரும்புது, மறுபடியும் இவன விடணும். புடி நார்மா!”

சரிவிலிருந்து திட்டுக்காரி கனைத்தாள். பிஸ்கட் தலையை நிமிர்த்தினான். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.