ஏர்போர்ட்டுக்கு ஒரு சாட்சி

ஜிஜியின் கை உயர்ந்தபோது, அவள் ஏதோ கேள்வி கேட்கப் போகிறாள் என்றுதான் கலைச்செல்வி நினைத்தாள். பஞ்சாயத்து ஆபீஸ் மாடி ஹாலின் பின்வரிசையில் மூணாம்பாறை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட் நிலத்தில் ஒரு சின்ன ஏர்போர்ட் வருவதற்குப் பஞ்சாயத்துக்குச் சம்மதம் என்பது தீர்மானம். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று பிரசிடென்ட் மலையாளத்தில் சொல்லியிருந்தார். மெம்பர்கள் இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக நின்ற இடத்தில் ஜிஜி ஒருத்திதான் பாக்கி. பிரசிடென்ட் முகம் மலர்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கலைச்செல்விக்கு அது என்ன கை என்று உறைத்தது.

போன தேர்தலில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியவள் கலைச்செல்விதான். ஜிஜியின் அப்பாவுக்கு எஸ்டேட் கேட்டுக்கு வெளியே சாயாக்கடை. இருவரும் கீழே விதுரை ஸ்கூலில் ஒரே பெஞ்சு. கலைச்செல்வி அவளிடமிருந்து மலையாளம் கற்றாள், அவள் இவளிடமிருந்து தமிழும் கெட்ட வார்த்தைகளும். எஸ்டேட் பூட்டிப்போய், கலைச்செல்வி கல்லாற்றில் ஒரு ஹோட்டலுக்குச் சமையல் வேலைக்கு இறங்கிய பிறகும், சாயங்காலம் ஜிஜியைப் பார்க்காமல் மேலே ஏறியதில்லை. ஏர்போர்ட் வந்தால் லயங்கள் போகும், நமக்காகக் கேட்க ஒருத்தர் வேண்டும் என்று ஜிஜி தேர்தலில் நின்றாள். கோமதியம்மாள் மட்டும் சந்தேகப்பட்டாள். கலைச்செல்வியின் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள் அவள். "அவ இந்த நாட்டுக்காரி, மலையாளி. நாளைக்கி அவ ஆளுகளோடதான் நிப்பா" என்றாள். "என்னய நம்புனா அவளயும் நம்பு பெரியம்மா" என்று சொன்னது கலைச்செல்விதான்.

ஹாலில் எதிர்த்தரப்பிலிருந்து கூச்சல் கிளம்பியது. காரணம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். ஜிஜி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். நல்ல, தெளிவான மலையாளம். மேலே நல்ல ரோடு இல்லை, ஆம்புலன்ஸ் ஏறாது, போன் எடுக்காது என்றாள். பிறகு ஒரு மழைநாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நெஞ்சு வலியென்று சரிந்த ஒரு தொழிலாளிப் பெண்ணை ஜீப்பில் கிடத்தி இறக்கியது, ரோடு அரித்துப்போன வளைவில் ஜீப் சிக்கிக்கொண்டது, அந்தத் தலை தன் மடியில் இருந்தது, தண்ணீர் கேட்டது, கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் நிலைத்தது. ஏர்போர்ட் வந்தால் ரோடு வரும், அன்றைக்கு அந்த ரோடு இருந்திருந்தால் பேச்சியம்மாள் இன்று இருந்திருப்பாள் என்று முடித்தாள்.

பேச்சியம்மாள் கலைச்செல்வியின் அம்மா. தலை ஜிஜியின் மடியில் இருந்தது உண்மை. கால்கள் கலைச்செல்வியின் மடியில் இருந்தன. அவை கனத்துக்கொண்டே வந்ததை அவள் இன்றுவரை ஜிஜியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பேச்சியம்மாளின் சாவை மகளிடம் கேட்காமல் சபையில் வைப்பார்களா? அந்தக் கேள்வி எல்லா முகத்திலும் இருந்தது. கோமதியம்மாள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீ சொல்லிக் குடுத்துத்தான் சொல்லுதாளா?"

கலைச்செல்வி எழுந்துவிட்டாள். "அது எங்கம்மா" என்றாள். மலையாளம் வரவில்லை, தமிழில்தான் வந்தது. பார்வையாளர்கள் பேசக்கூடாது சேச்சி, உட்காருங்கள் என்றார் பிரசிடென்ட், மரியாதையாகத்தான். தீர்மானம் பாஸானது.

வெளியே படிக்கட்டுக்குக் கீழே ஜிஜி அவளைத் தேடி வந்தாள். பார்ட்டி முடிவு என்றாள், வேறு வழியில்லை என்றாள், எல்லாருக்கும் கீழே வீடு கட்டித் தருவதாக எழுதி வாங்கப்போவதாகச் சொன்னாள்.

"எப்ப முடிவு பண்ணுனாங்க?"

ஜிஜி தரையைப் பார்த்தாள். "போன ஆழ்ச்ச."

போன வாரமே முடிவு. நேற்றுச் சாயங்காலம்கூட சாயாக்கடை வாசலில் இருவரும் ஒரே கிளாஸ் சாயாவை மாற்றி மாற்றிக் குடித்திருந்தார்கள். நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வா, ஆள் பலம் தெரியணும் என்று அப்போது ஜிஜி சொன்னாள். அதைக் கேட்டுத்தான் இன்று ஹோட்டலுக்கு லீவு போட்டு, இருந்த ஒரு ஜீப்பில் அத்தனை பேரையும் அவள் ஏற்றி வந்தாள்.

"நான் பறஞ்சதில பொய் உண்டா கலை? ரோடு இருந்தா அம்ம பிழைச்சிருக்கும். நீதானே அன்னைக்கு அழுதுட்டு பறஞ்ச?"

"பொய் இல்ல. ஒங்கிட்ட அழுததுடீ அது. சபையில வைக்கவா அழுதேன்?"

ஜிஜி அவள் கையைப் பிடிக்க வந்தாள். கலைச்செல்வி சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஜீப்பில் எல்லாரும் ஏறியிருந்தார்கள். வரும்போது அவள் கோமதியம்மாளுக்கும் ஜீப்பின் பக்கத் தடுப்புக்கும் இடையே உட்கார்ந்து வந்தாள். இப்போது அங்கே ஒரு பை இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கல்லாறு தாண்டி மேலே ஏற ஏற பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியது. கவாத்து காணாத தேயிலை, மரமாக வளர்ந்து ரோட்டின் மேல் சாய்ந்துகிடந்தது. அம்மாவை இறக்கிக்கொண்டு போன அதே வளைவில் ஜீப் திணறியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜிஜியின் அந்த மடியை இனி எப்படி நினைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் டிரைவர் சட்டென்று எஞ்சினை அணைத்தான். "போத்து" என்றான் கிசுகிசுப்பாக. முன்னால் ரோட்டைக் கடந்த காட்டெருமைகளுக்குப் பின்னால், ஒன்று மட்டும் பிந்தி வந்து, தேயிலைக்குள்ளிருந்து கலைச்செல்விக்குப் பக்கத்தில் வெளிப்பட்டு நின்றது. கை நீட்டினால் கொம்பு தொடும். படியில் நிற்பவர்களை இப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே இழுத்துப்போட்டுக்கொள்வதுதான் வழக்கம். உள்ளே பை உரசும் சத்தமும் யாரோ நகர்ந்து உட்காரும் சத்தமும் கேட்டன. இடம் விடுகிறார்களா, இன்னும் உள்ளே ஒதுங்குகிறார்களா என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அவள் அசையவில்லை. காட்டெருமை மூச்சு விட்டது. அதன் ஈரச் சூடு அவள் முழங்கையில் பட்டது.