அப்பா படத்துக்கு வந்த மாலை

18-5-1983, புதன்

ஃப்ரேம் கடையில் படத்தைக் கொடுத்தபோது அதில் இருப்பவர் யார் என்று நான் சொல்லவில்லை. இன்று நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். சின்னத் தவறுதான், ஆனால் என் தவறு.

வெள்ளிக்கிழமை படப்பையில் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். சுண்ணாம்பு அடித்ததோடு சரி, சுவரெல்லாம் வெறிச்சென்று இருந்தது. எல்லார் வீட்டிலும் தொங்கும் அதே கடைக் காலண்டரை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. சாயங்கால டிராயிங் வகுப்பில் பழகியதிலிருந்து நானாக வரைந்த படங்கள் மூன்று தேறின: மணிமங்கலம் கோபுரம், ஏரியில் எருமைகள், அப்பா. முதல் இரண்டையும் அட்டையில் ஒட்டி, கறுப்புக் காகிதத்தில் விளிம்பு கட்டி, கூடத்தில் மாட்டினேன். அப்பாவுக்கு மட்டும் கண்ணாடி போட கோதண்டம் கடையில் கொடுத்தேன்.

அப்பா அசையாமல் இருப்பது நைட் ஷிப்ட் முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து தூங்கும்போதுதான். அப்போதுதான் வரைந்தேன். மீசை சரியாக வந்த சந்தோஷத்தில், கண் மூடியிருப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இன்று பொட்டலத்தை அம்மாதான் பிரித்தாள். ஃப்ரேமைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலை. கீழே குட்டியாக ஒரு சிவப்பு பல்பு. செத்துப்போனவர் என்று கோதண்டம் அவராகவே முடிவு செய்துவிட்டார்.

"இன்னாடி இது! மனுசன் குத்துக்கல்லாட்டம் கீறாரு, அதுக்குள்ள மாலையா? நல்ல காரியம் நடக்கப்போற வூடுடி!" அம்மா படத்தை என் கையில் திணித்தாள். "எல்லாத்தையும் கழட்டு. காலண்டரே போதும்."

மாலையைப் பிய்க்கப் பார்த்தேன். கம்பியால் கட்டியிருந்தது, வரவில்லை. அதற்குள் வாசலில் சைக்கிள் சத்தம். படம் போனால் போகட்டும், அப்பா மனசு நொந்துவிடக் கூடாதே என்றுதான் பயம். முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"இன்னா அது? காட்டு."

காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"மரகதம், நான் எப்போ போனேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"விளையாடாதய்யா!" என்றாள் அம்மா.

"ஷிப்ட்ல தூங்கறேன்னு சூப்பர்வைசர் சொல்லிக்கினே இருப்பான். இப்ப இவ சாட்சியே போட்டு வெச்சிட்டா." விரலால் மீசையைத் தடவிப் பார்த்தார், கண்ணாடி மேல். "என்னை இத்தினி நேரம் யாரும் உக்காந்து பாத்ததில்லமா. நல்லா கீது."



அம்மா விடவில்லை. "கண்ணு மூடிக்கினு ஒத்தையா மாட்டினா வர்றவங்க இன்னா நினைப்பாங்க?"

"அப்ப நீயும் வந்து பக்கத்துல உக்காரு. ஜோடியா கீற படத்தைப் பாத்து எவன் துக்கம் விசாரிப்பான்?"

"நானா? போய்யா." கொஞ்சம் பொறுத்து என்னிடம் சொன்னாள்: "அவரு தூங்கட்டும். நான் முழிச்சிக்கினு இருக்கற மாதிரி போடு. எப்பவும் அப்படித்தானே."

அப்பா குறட்டினால் கம்பியை வெட்டி எடுத்தார். கோபுரமும் எருமைகளும் கூடத்துச் சுவரிலேயே இருக்கின்றன.

நாளை: காலையில் உலை வைக்கும் முன் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைய வேண்டும். மதியத்துக்குள் இரண்டு தாளையும் ஒரே ஃப்ரேமில் போடக் கொடுக்க வேண்டும்.